கப்பற்காரர் வளவு: முல்லைத்தீவுக் குடும்பமொன்றின் போர்க்கப்பல் கதை

குடும்பத்தின் கூற்று இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். அப்பப்பா இரண்டாம் உலகப் போரில் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வேலை செய்தார். அது திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கியபோது நீந்திக் கரை சேர்ந்தார். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்ப் பக்கம் போகும் கரையோரத்தில் உள்ள அவர்களுடைய காணியை ஊரார் இன்றும் ‘கப்பற்காரர் வளவு’ என்றுதான் சொல்கிறார்கள். 2004இல் கடலும் 2009இல் போரும் மிதித்துவிட்டுப் போன பிறகு அங்கே வேலியும் இல்லை, வீடும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

விசாரிக்கச் சொன்னவர் பேத்தி. வவுனியாவில் ஆசிரியை. தகப்பன் வழி வரலாற்றைத் தன் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கத் தொடங்கியவர் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டார். வேலியன்ட் என்று ஒரு கப்பல் இருந்தது உண்மை. ஆனால் அது போரில் மூழ்கவில்லை. 1948இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அப்படியானால் அப்பப்பா பொய் சொன்னாரா என்பதுதான் அவர் என்னிடம் கொண்டுவந்த கேள்வி.

அவருக்கு முன்னரே உறவினர் ஒருவர் இணையத்தில் தேடியிருக்கிறார். தேடிய இடம் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பட்டியல். அந்தப் பட்டியலில் 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை இறந்த படையினரின் பெயர்கள்தாம் உண்டு. போரிலிருந்து உயிரோடு திரும்பி, கல்யாணம் செய்து, ஐந்து பிள்ளைகளைப் பெற்று, 1970களின் கடைசியில் கட்டிலில் கிடந்து இறந்த மனிதரை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார். பெயர் இல்லை என்றதும் ‘கதை பொய்’ என்று அந்த உறவினர் முடிவு கட்டிவிட்டார். இப்படி அவசரப்பட்டு மூடப்பட்ட குடும்பக் கதைகள் வன்னியில் நிறைய உண்டு.

கையில் இருந்தவை

ஒரு புகைப்படம், ஒரு பதக்கம். அவ்வளவுதான். 2009இல் இடம்பெயர்ந்து கொண்டேயிருந்தபோது பேத்தியின் தாயார் காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள் ஆகியவற்றோடு இந்த இரண்டையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். மற்றக் கடிதங்களெல்லாம் இருந்த றங்குப்பெட்டியை வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். திரும்பிப் போய்த் தோண்டியபோது பெட்டி அங்கே இல்லை.

புகைப்படத்தில் இருபது, இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர். சதுரக் கழுத்துப்பட்டையோடு கடற்படைச் சட்டை. வட்டத் தொப்பியின் நாடாவில், பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன்னால் வரும் ‘எச்.எம்.எஸ்.’ என்ற மூன்று எழுத்துகள், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கப்பலின் பெயர் அழிந்துபோயிற்று என்று குடும்பம் நினைத்திருந்தது. அழிந்துபோகவில்லை. சமாதான காலத்தில் தொப்பி நாடாவில் கப்பலின் பெயர் முழுதாக இருக்கும். போர்க் காலத்தில், எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அந்த மூன்று எழுத்துகளை மட்டும் விட்டார்கள். ஆகவே படம் எடுக்கப்பட்டது போர்க் காலத்தில் என்பது தெரிகிறது. எந்தக் கப்பல் என்பதற்கு இந்தப் படத்தில் விடை இல்லை.

பதக்கம் ஆறு முனை நட்சத்திரம். நடுவில் மன்னரின் முடியெழுத்து, அதைச் சுற்றிப் ‘பர்மா ஸ்டார்’ என்ற ஆங்கில எழுத்துகள். நாடா வெளுத்திருந்தாலும் நடுவே அகலமான சிவப்பும் இரு புறமும் கருநீலமும் அந்த நீலத்துக்குள் ஒடுங்கிய செம்மஞ்சள் கோடும் தெரிகின்றன. திருப்பிப் பார்த்தால் பின்புறம் வெறுமை. பெயர் இல்லையே, யாரிடமாவது வாங்கியதாக இருக்குமோ என்று பேத்தி தயங்கினார். முதலாம் உலகப் போரின் பதக்கங்களில் விளிம்பில் பெயரும் இலக்கமும் வெட்டியிருக்கும். இரண்டாம் போரில் பிரிட்டன் அந்தச் செலவை விட்டுவிட்டது. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகியவை தங்கள் படையினருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தன. பெயரில்லாத பர்மா ஸ்டார் வழமையான ஒன்று. சந்தேகப்படக் காரணமில்லை.

அதைவிட முக்கியம், அந்தப் பதக்கம் யாருக்குக் கிடைத்தது என்ற விதி. கடற்படையினருக்கு வங்காள விரிகுடாவில் செய்த சேவை கணக்கில் எடுக்கப்பட்டது. அதன் மேற்கெல்லை இலங்கையின் தென்முனையிலிருந்து கீழே இழுத்த கோடு. திருகோணமலைக்கு வெளியே உள்ள கடல் அதற்குள் வருகிறது. ஆனால் கடலில் போயிருக்க வேண்டும். திருகோணமலைக் கரையில் களஞ்சியக் கணக்கு எழுதியவருக்கு அது கிடைக்காது. எனவே இந்த மனிதர் டொக்யார்ட்டில் கூலி வேலை செய்துவிட்டுக் கடற்படைச் சட்டையைக் கடன் வாங்கிப் படம் பிடித்தவர் என்ற சந்தேகத்தை (உறவுக்குள்ளேயே சிலருக்கு அது இருந்தது) பதக்கமே ஓரளவு தள்ளிவிடுகிறது.

சின்னையா சொன்னது

அப்பப்பாவின் பிள்ளைகளில் ஊரில் இருப்பவர் பேத்தியின் சின்னையா ஒருவர்தான். எழுபது வயதைக் கடந்தவர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டாலும் வலை பொத்துவதை விடவில்லை. அவரிடம் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். கப்பலின் பெயரைச் சொல்லாமல் தகப்பனார் சொன்ன கதையை மட்டும் சொல்ல வேண்டும். பெயர் முன்னால் வந்துவிட்டால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் கதை அந்தப் பெயருக்குத் தக்கபடி வளைந்துவிடும்.

“ஆடி அமாவாசை விரதத்துக்கு ஐயா ஊருக்கு வந்து, தன் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டுத் திரும்பிப் போனவர், தம்பி. போன பிறகுதான் அது நடந்தது. பெரிய கப்பலை இரும்புத் தொட்டி ஒன்றுக்குள் ஏற்றித் தண்ணீருக்கு மேலே தூக்கினார்களாம். தொட்டி நடுவால் முறிந்துவிட்டது. மலை முறிகிற மாதிரிச் சத்தம். கப்பல் சரிந்து விழ, தாங்கள் வள்ளத்தைக் கிளப்பிக்கொண்டு ஓடினார்களாம்.”

“நீந்தினார் என்று சொன்னாரா?” என்று கேட்டேன்.

“நீந்தினது என்று நான் கேட்கவில்லை. அது அண்ணன்மார் சொல்வது.”

ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸ் மூழ்கடிக்கப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்னர் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரு குரூசர்கள் இலங்கைக்குத் தென்மேற்கே மூழ்கின. கப்பல் மூழ்கிய கதை என்றால் எல்லோரும் இந்த வாரத்தைத்தான் தேடுவார்கள். ஆனால் ஏப்ரல் 9 பங்குனி மாதம். சின்னையாவின் கதையோ ஆடி மாதத்தைச் சொல்கிறது. கொண்டாட்டமும் விரதமும் ஒட்டிக்கொண்ட நினைவில் ஆண்டு தவறலாம், மாதம் இலகுவில் தவறாது.

ஆடியில் திருகோணமலையில் பெரிய கப்பலைத் தூக்கிய இரும்புத் தொட்டி முறிந்த சம்பவம் ஒன்றே ஒன்றுதான். பிரிட்டிஷ் கடற்படையின் நிர்வாகத் தலைமையான அட்மிரால்டியின் 23ஆம் இலக்க மிதக்கும் டொக் 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி உடைந்து மூழ்கியது. அந்த ஆண்டு ஆடி அமாவாசை ஜூலை 20. ஊருக்கு வந்து, திரும்பிப் போய், மூன்று வாரத்துக்குள் நடந்திருக்கிறது. டொக்குக்குள் நின்ற கப்பல் வேலியன்ட்.

மிதக்கும் டொக் என்பது இரு பக்கமும் சுவர் எழுப்பிய இரும்புத் தட்டு. அடியில் உள்ள தாங்கிகளுக்குள் நீரை விட்டால் அமிழும். கப்பல் உள்ளே வந்து நின்றதும் நீரை இறைத்து வெளியேற்றினால் கப்பலையும் சுமந்துகொண்டு மேலே வரும். எந்தத் தாங்கியை முதலில் இறைப்பது என்ற ஒழுங்கில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று வேலியன்ட்டின் எடை பரவியிருந்த விதத்துக்கு ஒவ்வாத ஒழுங்கில் தாங்கிகள் இறைக்கப்பட்டன. பதினைந்து அங்குலப் பீரங்கிகள் எட்டு, அவற்றுக்கான குண்டுகளும் இறக்கப்படாமல் கப்பலுக்குள்ளேயே இருந்தன. முப்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட அந்தச் சுமையில் டொக்கின் முதுகு முறிந்தது. கப்பலின் கொதிகலன்களில் நீராவி தயாராக இருந்ததால் அது மூழ்காமல் தப்பியது. உள்பக்கத்து இரண்டு உந்துவிசிறிகளும் சுக்கானும் சேதமாயின. எட்டு நொட் வேகத்துக்கு மேல் போகமுடியாமல் சுயஸ் வரை நொண்டிச் சென்ற கப்பலுக்கு அங்கே அந்த இரண்டு விசிறித் தண்டுகளையும் வெட்டி விழுத்தினார்கள். பின் ஆபிரிக்காவைச் சுற்றி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. மூழ்கியது டொக். குடும்பத்தின் கதையில் அது கப்பலாக மாறியிருந்தது.

இந்த விபத்து ஹேர்மீஸ் மூழ்கியதைப் போல ஊரறிந்த விடயம் கிடையாது. அதைப் படித்துவிட்டுக் கதை கட்டியிருக்க முல்லைத்தீவுக் கரையில் அந்தக் காலத்தில் வழியில்லை. ஆகவே அப்பப்பா அன்று துறைமுகத்தில் இருந்தார், அல்லது இருந்தவர்களோடு நெருங்கிப் பழகினார் என்று இந்தக் கட்டத்தில் சொல்ல முடிந்தது. கப்பலுக்குள் இருந்தாரா என்பது வேறு கேள்வி. “வள்ளத்தைக் கிளப்பிக்கொண்டு” என்ற சொற்கள் எனக்கு உறுத்திக்கொண்டேயிருந்தன. டொக்குக்குள் ஏற்றிய போர்க்கப்பலில் நிற்பவனுக்கு ஏது வள்ளம்?

டொரன்டோவிலிருந்து வந்த தாள்

மூத்த மகன் 1980களில் வெளிநாடு போனபோது தகப்பனின் சேவைச் சான்றிதழைப் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவருடைய பிள்ளைகள் டொரன்டோவில் அதைக் கண்டெடுத்துக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார்கள். கூடவே, எடின்பரோ கோமகன் பிலிப் வேலியன்ட்டில் இருந்தவர், அப்பப்பா அவரோடு கைகுலுக்கினார் என்ற கதையும் வந்தது. பிலிப் அந்தக் கப்பலில் இருந்தது உண்மைதான். அது 1941 மார்ச்சில் மத்தியதரைக் கடலில், மட்டப்பான் சண்டையின்போது. கைகுலுக்கல் கதையை அத்தோடு விட்டுவிட்டோம்.

பிரதி மங்கல். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து விழுங்கப்பட்டிருந்தது. முதலில் பார்த்தது தாளின் மூலையை. நன்னடத்தை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர்களின் சான்றிதழில் ஒரு மூலையை வெட்டிவிடுவார்கள். இதில் நான்கு மூலையும் சரியாக இருந்தன. அடுத்து, இது அவருடையதுதானா என்பது. தகப்பன் பெயர் குடும்பப் பெயராக்கப்பட்டு, ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. பிறந்த ஊர் முல்லைத்தீவு. அதே பெயரில் அங்கே இன்னும் நான்கு பேர் இருந்திருக்கலாம். பெயரை நம்பி ஆளை உறுதிசெய்ய முடியாத நிலை.

உதவியது உடல் அடையாளங்களுக்கான கட்டம். உயரம், முடி, கண், நிறம் எல்லாம் எழுதிய பிறகு ‘வடுக்கள்’ என்ற இடத்தில் இடது கெண்டைக்காலில் வடு என்று இருந்தது. பேத்தி தொலைபேசியை எடுத்தார். “சின்னையா, அப்பப்பாவின் காலில் காயத் தழும்பு ஏதும் இருந்ததா, சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டார். எந்தக் கால் என்று சொல்லவில்லை. பதில் உடனே வந்தது: சிறுவயதில் களப்பில் திருக்கை குத்தியது, இடது கால், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம், மழை நாளில் கடைசிவரை உளைந்ததாம். இந்த ஆய்வில் மற்ற எதைவிடவும் அந்த ஒரு வரிதான் எனக்குப் பலமான ஆதாரம்.

இனிக் கப்பல்களின் நிரல். 1943 கடைசியில் சேர்ந்திருக்கிறார். முதல் வரியில் ‘லங்கா’. 1944 தொடக்கத்திலிருந்து 1946இல் விலகும்வரை ‘ஹைஃப்ளையர்’. வேலியன்ட் எங்கும் இல்லை. டொரன்டோவில் இந்த இரண்டு பெயர்களையும் போர்க்கப்பல் பட்டியல்களில் தேடிக் களைத்திருக்கிறார்கள். கிடைக்காது. லங்கா என்பது கொழும்பிலும் ஹைஃப்ளையர் என்பது திருகோணமலையிலும் இருந்த பிரிட்டிஷ் கடற்படையின் கரைத் தளங்கள். பிரிட்டிஷ் கடற்படை தன் முகாம்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைத்து எச்.எம்.எஸ். என்ற முன்னொட்டையும் கொடுக்கும். சீனன்குடா விமானத் தளம் பம்பாரா, புத்தளத்துத் தளம் ராஜாலிய. இங்கிலாந்திலேயே, போர்ட்ஸ்மத் முகாமுக்கு விக்டரி என்று பெயர் இருந்ததால், தங்கள் தாத்தா நெல்சனின் கப்பலில் இருந்தவர் என்று நம்பும் குடும்பங்கள் உண்டு. முல்லைத்தீவுக் குடும்பம் குழம்பியதில் வியப்பில்லை.

சேவைச் சான்றிதழில் எழுதப்படும் பெயர், அந்த ஆளின் சம்பளக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. சிறிய கலங்களுக்குத் தனிக் கணக்கு இல்லை. அவற்றில் வேலை செய்தவர்களைப் பக்கத்துத் தளத்தின் பெயரில் பதிந்து, உண்மையில் நின்ற கலத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். எனவே இத்தகைய தாளில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடைப்புக்குறிக்குள் பார்க்க வேண்டும். ஹைஃப்ளையருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இருந்தது. அதற்குள் எம்.எஃப்.வி. என்ற மூன்று எழுத்துகள், பிறகு ஓர் இலக்கம். இலக்கத்தின்மேல் மடிப்பு.

எம்.எஃப்.வி. என்றால் இயந்திர மீன்பிடிக் கலம். பிரிட்டிஷ் அட்மிரால்டி மீன்பிடி வள்ளத்தின் சாயலில் மரத்தால் கட்டுவித்த துணைக் கலங்கள் அவை. போர் முடிந்ததும் மீனவர்களுக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணத்தோடே வடிவமைக்கப்பட்டவை. துறைமுகத்துக்குள் ஆட்களையும் சாமான்களையும் கப்பலுக்குக் கப்பல் ஏற்றி இறக்கியவை. முல்லைத்தீவுக் கரையில் பிறந்த மீனவர் மகனைக் கடற்படை கொண்டுபோய் இருத்தியது அதில்தான். சின்னையாவின் ‘வள்ளம்’ இப்போது விளங்குகிறது. டொக் முறிந்தபோது அதைச் சுற்றி நின்ற சிறு கலங்களில் ஒன்றில் அவர் இருந்திருக்கக்கூடும்.

அவர் சேர்ந்த படையையும் இங்கே சொல்ல வேண்டும். இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை 1938இல் தொடங்கப்பட்டு, 1943 ஒக்டோபரில் இலங்கை றோயல் கடற்படைத் தொண்டர் ஒதுக்குப் படை என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையோடு இணைக்கப்பட்டது. ஓவர்டேல் வைக் என்ற கண்ணிவாரிக் கப்பலும் திமிங்கில வேட்டைக் கப்பல்களை மாற்றிச் செய்த சில கலங்களும் இரண்டு இழுவைக் கப்பல்களும் பல எம்.எஃப்.வி.களும் இந்தப் படையின் ஆட்களாலேயே ஓட்டப்பட்டன. அவற்றில் இரண்டு எம்.எஃப்.வி.கள் பர்மாப் போர்முனை திறந்த பிறகு அங்குள்ள அக்கியாப் துறைமுகம் வரை போய்த் துறைமுக வேலை செய்தன. பர்மா ஸ்டார் அந்த வழியாகக் கிடைத்திருக்கலாம் என்பது என் ஊகம். துறைமுகத்துக்குள்ளேயே சுற்றிய கலத்துக்கு அந்தப் பதக்கத்தை விளக்குவது கடினம். ஆனால் சின்னையாவுக்குத் தகப்பன் பர்மா போனதாக ஒரு சொல்லும் நினைவில்லை. ஊகத்தை ஊகமாகவே குறித்துவைத்திருக்கிறோம்.

இதைத் தீர்க்க வேலியன்ட்டின் ஆவணங்களைக் கிளறிப் பயனில்லை. அந்தக் கப்பலின் போர்க்காலப் பதிவுப் புத்தகங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏ.டி.எம். 53 என்ற தொடரில் உள்ளன. காற்று, கடல், நங்கூரம், வேகம் எல்லாம் இருக்கும். சாதாரண மாலுமிகளின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். கப்பல் பெயரைச் சொன்னதும் அதில் நின்ற அத்தனை பேரின் பட்டியலையும் எடுத்துத் தரும் தொடர் எதுவும் அங்கே இல்லை. ஆளின் பெயரையும் சேவை இலக்கத்தையும் கொண்டு தனி ஆளின் கோவையைக் கேட்பதே வழி. சேவை இலக்கம் பிரதியில் தெளிவாக இருக்கிறது. கோவையைக் கேட்க இறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். வன்னியில் பலருக்கு இந்த இடத்தில்தான் வழி அடைபடும். இந்தக் குடும்பத்திடமும் அது இருக்கவில்லை. பதிவின் இரண்டாம் பிரதி கொழும்பில் இருந்ததால் தப்பினார்கள். வயதான ஒருவர் இறந்த ஆண்டை அங்குமிங்குமாகச் சொல்ல, பதிவேட்டில் அடுத்தடுத்த ஆண்டுகளைப் புரட்டி எடுத்துக் கொடுத்த எழுதுவினைஞர் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முடிவை நேரில் போய்ச் சொன்னோம். சின்னையா நெடுநேரம் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் வாசிக்கமாட்டார். தகப்பனின் கையெழுத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். “அப்படியென்றால் ஐயா பெரிய கப்பலில் இருக்கவில்லை” என்றார்.

“இருக்கவில்லை, சின்னையா. அதுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்” என்றார் பேத்தி.

“அது சரி. அவர் ஒருநாளும் தான் அந்தக் கப்பல்காரன் என்று என்னிடம் சொல்லவில்லையே. முறிந்ததைக் கண்டேன் என்றுதானே சொன்னார்.”

குடும்ப வரலாற்றில் எழுதுவதற்கு நாங்கள் ஒப்புக்கொண்ட வாசகம் இது: இலங்கை றோயல் கடற்படைத் தொண்டர் ஒதுக்குப் படை மாலுமி, 1943–1946, திருகோணமலை ஹைஃப்ளையர் தளத்தின் கணக்கில் எம்.எஃப்.வி. ஒன்றில் சேவை, பர்மா ஸ்டார் பெற்றவர், 1944 ஆகஸ்ட் 8இல் வேலியன்ட் நின்ற மிதக்கும் டொக் முறிந்ததைக் கண்டதாகக் குடும்ப வாய்மொழி. கலத்தின் இலக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். விண்ணப்பம் தபாலில் போயிருக்கிறது.